கொழுந்தும் கந்தகமும்: கொத்மலைத் தேயிலையை முன்வைத்து ஓர் இரசாயன நோக்கு

தமிழியல் ஆய்வேடொன்றிலே கந்தகச் சேர்வைகளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். மலையக மக்களின் உழைப்பைக் கவிதையாகவும் சிறுகதையாகவும் நாவலாகவும் நாம் நிறையவே பேசியுள்ளோம். ஆனால் அவ்வுழைப்பு எந்தப் பொருளின் மீது செலுத்தப்படுகின்றதோ அப்பொருளின் உள்ளியல்பைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. கொழுந்து நமது எழுத்திலே ஒரு படிமமாகவே நின்றுவிட்டது. அது காபனும் ஐதரசனும் ஒட்சிசனும் நைதரசனும், மிகச் சிறிதளவு கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் என்பதை இலக்கிய மாணவன் அறிந்துகொள்வதனால் அவனுடைய மனிதாபிமானம் குறைந்துவிடப் போவதில்லை.

இரசாயனம் தமிழுக்குப் புதியதுமன்று. மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் மருத்துவரின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் வழியே ‘தொழிற்பாட்டுக் கூட்டம்’ என்னும் தொடர் நமது பள்ளி மாணவர் நாவில் நிலைபெற்றது. ஒரு சேதன மூலக்கூறின் காபன் சட்டகம் எத்துணை நீண்டதாயினும், அது எதனோடு தாக்கம் புரியும், எவ்வாறு மணக்கும், உயிருக்கு உறவாகுமா பகையாகுமா என்பவற்றைப் பெரிதும் முடிவு செய்வது அதிலே பொருந்தியிருக்கும் சிறியதோர் அணுக்கூட்டமே. பெயர்ப் பகுதியோடு விகுதி சேர்ந்து சொல்லின் தொழிலை மாற்றுவதோடு இதனை ஒப்பிடலாம். ஒப்புமை முழுமையானதன்று, எனினும் இலக்கணம் பயின்றோர்க்கு அது வழிகாட்டும்.

ஆவர்த்தன அட்டவணையிலே கந்தகம் ஒட்சிசனுக்கு நேர்கீழே நிற்பது. இரண்டும் ஒரே குடும்பத்தன. இரண்டுக்கும் புறவோட்டிலே ஆறு இலத்திரன்கள். ஆயினும் கந்தக அணு பெரியது. தன் இலத்திரன்களை அது அத்துணை இறுக்கமாகப் பற்றிக்கொள்வதில்லை. இவ்வொரு வேறுபாட்டிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன. அற்ககோலிலே ஒட்சிசனோடு இணைந்த ஐதரசன் அயல் மூலக்கூற்றையும் பற்றி இழுக்கின்றது. அதனால் எதைல் அற்ககோல் 78 பாகை செல்சியசிலேயே கொதிக்கின்றது. அதே சட்டகத்தில் ஒட்சிசனை நீக்கிக் கந்தகத்தை வைத்தால் அந்தப் பற்று ஏறத்தாழ அற்றுப்போகின்றது. எதேன்தயோல் 35 பாகையிலேயே ஆவியாகி மூக்கைத் தேடி வருகின்றது. கந்தகத்தோடு ஐதரசன் இணைந்த இக்கூட்டமே தயோல் எனப்படும். இதன் பழம்பெயர் மேர்கப்ரன்; பாதரசத்தைப் பற்றிப் பிடிப்பது என்னும் பொருளில் தென்மார்க்கு இரசாயனவியலாளர் செய்சே 1830களிலே இலத்தீன் சொற்களிலிருந்து ஆக்கியது. பார உலோகங்களைப் பற்றும் தயோலின் இயல்பு அப்பெயரிலேயே பதிந்துள்ளது. பின்னர் கூறப்போவதற்கு இவ்வியல்பு இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டின் இறுதியிலே இலங்கையில் சமையல் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் தொடர்ந்தபோது, எதைல் மேர்கப்ரன் என்னும் இச்சொல் நாளிதழ்களிலும் அடிபட்டது. மணமற்ற வாயு கசிவதை மூக்குக்கு உணர்த்தச் சேர்க்கப்படும் பொருள் அது.

தயோல்கள் இரண்டு ஐதரசனை இழந்து கைகோத்தால் இருசல்பைட்டு தோன்றும். நமது தலைமயிரின் உறுதி இத்தகைய பிணைப்புகளாலானது. பெருங்காயத்தின் நெடியும் பெரும்பாலும் இருசல்பைட்டுகளதே. கந்தகத்தின் இருபுறமும் காபன் இணைந்தால் அது சல்பைட்டு. அச்சல்பைட்டின் கந்தகம் மூன்றாவதொரு காபனையும் ஏற்றுத் தானே நேரேற்றம் பெற்று நின்றால் அதற்குச் சல்போனியம் என்று பெயர். தேயிலையின் கதையிலே இந்தக் கடைசிக் கூட்டத்துக்கே முதலிடம்.

அதற்கு முன்னர் வேறொன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாவது என்னும் விதிக்குச் சேதன இரசாயனத்தை மார்க்ஸ் ‘மூலதன’த்திலே எடுத்துக்காட்டினார். எங்கெல்ஸ் ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலிலே அதனை விரித்துரைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்டது காபன் சங்கிலி படிப்படியாக நீளும் அமைப்பொத்த வரிசையை. கந்தகம் இதனினும் கூர்மையான சான்றைத் தருகின்றது என்பது எமது கருத்து. இரு மெதைல் கூட்டங்களும் ஒரு கந்தகமும் கொண்டது இருமெதைல் சல்பைட்டு. 37 பாகையில் கொதிப்பது, கடற்பாசியின் மணமுடையது, நீரோடு எளிதிற் கலவாதது. ஓர் ஒட்சிசன் அணு அக்கந்தகத்தோடு சேர்ந்ததும் அது சல்பொட்சைட்டு ஆகின்றது. கொதிநிலை 189 பாகைக்குப் பாய்கின்றது, மணம் மறைகின்றது, நீரோடு எவ்வளவிலும் கலக்கின்றது, தோலை ஊடுருவும் ஆற்றலையும் பெறுகின்றது. இன்னுமோர் ஒட்சிசன் சேர்ந்ததும் சல்போன் தோன்றுகின்றது. இது 109 பாகையிலே உருகும் வெண்பளிங்கு. ஆவியாகிப் பறப்பது, நீர்மமாய்க் கரைப்பது, பளிங்காய் உறைவது என்னும் மூன்று நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒட்சிசன் அணுக்களின் எண்ணிக்கை மட்டுமே. இச்சான்றினால் இயங்கியல் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று கூறுவது மிகை. பருப்பொருளிலே காணப்படும் ஓர் ஒழுங்கு நமது சிந்தனைக்கும் பயிற்சியளிக்கின்றது என்ற அளவில் நிறுத்துவோம்.

இனிக் கொத்மலைக்கு வருவோம். புசல்லாவையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் சாலையின் இருமருங்கும் தேயிலை மலைகளே. புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்திலே வேர்ம்ஸ் சகோதரர் 1841இலேயே சீனத் தேயிலைக் கன்றுகளை நாட்டினர். ஆயினும் பெருந்தோட்டப் பயிராகத் தேயிலை தொடங்கியது 1867இலே, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட 19 ஏக்கரோடு என்பதே வரலாற்று வழக்கு. ‘மூலதன’த்தின் முதற்றொகுதி வெளிவந்த ஆண்டும் 1867 தான். இது தற்செயல் நிகழ்வே. எனினும் நினைவில் வைத்திருக்க உகந்த தற்செயல்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல் தேடுவது இரண்டு இலையும் ஓர் அரும்பும். அவ்விளந்தளிரிலே மெதியோனின் என்னும் கந்தக அமினோ அமிலத்திலிருந்து தோன்றிய ஒரு சல்போனியச் சேர்வை உண்டு. மெதியோனினின் கந்தகத்தோடு இன்னொரு மெதைல் கூட்டம் சேர்ந்து உருவாவது அது. வெப்பம் பட்டதும் அது பிளந்து இருமெதைல் சல்பைட்டை விடுவிக்கின்றது. யப்பானியப் பச்சைத் தேயிலையிலே இதனைக் கண்டு 1963இல் வெளியிட்டவர் கிரிபுச்சியும் தேய் யமனிசி அம்மையாரும் ஆவர். முற்றாத தேயிலையின் ‘கடல்மணம்’ என்று யப்பானியர் போற்றுவது பெருமளவுக்கு இதுவே. கடலைக் காணாமலே மலையில் பிறந்து மலையிலே மடிந்த தலைமுறைகள் பறித்த இலைக்குள் கடற்பாசியின் மணம் இருந்திருக்கின்றது!

கறுப்புத் தேயிலையில் இதன் இடம் சற்றுச் சிறியது. நமது ஸ்டோர்களில் இலை வாட்டப்பட்டு, ரோதையில் அரைபட்டு, பின்னர் ‘நொதிக்க’ விடப்படுகின்றது. நொதித்தல் என்ற சொல் இங்கே பொருந்தாது. நுண்ணுயிர் எதுவும் அங்கே வேலை செய்வதில்லை. இலையின் கலங்கள் உடைய, செம்பை உட்கொண்ட நொதியமொன்று காற்றின் ஒட்சிசனைக்கொண்டு கற்றெக்கின்களைக் குயினோன்களாக மாற்றுகின்றது. இக்குயினோன்கள் ஒன்றோடொன்று இணைந்து செந்நிறப் பொருள்களைத் தருவதோடு, அருகிலுள்ள தயோல் கூட்டங்களையும் பற்றிக்கொள்கின்றன. மெதியோனினைத் தாக்கி, அவித்த உருளைக்கிழங்கின் மணமுடைய மெதியோனல் என்னும் சல்பைட்டையும் அவை தோற்றுவிக்கின்றன. இறுதியாக உலர்த்தியின் வெப்பத்திலே இருமெதைல் சல்பைட்டின் பெரும்பகுதி ஆவியாகிவிட, எஞ்சுவது ஒரு சாயலே. தலவாக்கலை சென் கூம்சிலே அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். எல். விக்கிரமசிங்க, யமனிசி அம்மையார் முதலியோரோடு இணைந்து, இலங்கையின் மணமிக்க தேயிலையையும் மணங்குன்றிய தேயிலையையும் ஒப்பிட்டு 1973இல் ஆய்வொன்றை வெளியிட்டார். மலைநாட்டுத் தேயிலையின் பேர்பெற்ற மணத்துக்குப் பிற சேர்வைகளே முதன்மைக் காரணம். கந்தகத்தை அதன் முழுமுதலாகக் காட்டுவது உண்மைக்கு மாறானது.

ஒரு சிறு சொல்லாராய்ச்சி. தேயிலைக்கே சிறப்பான அமினோ அமிலத்தின் பெயர் தியனின். தமிழ் எழுத்திலே இதனைத் தயமினோடு மயங்குவது எளிது. முன்னதன் பெயர் தேயிலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; அதில் கந்தகம் இல்லை. பின்னது கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. அந்த உயிர்ச்சத்தின் வளையத்துள்ளே கந்தகம் அமர்ந்திருக்கின்றது.

மணத்தைவிட முக்கியமானது செடியின் உயிர். ஆபிரிக்காவின் நியாசலாந்திலே, அதாவது இன்றைய மலாவியிலே, தேயிலைச் செடிகள் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகி, இலை சிறுத்து, கணுவிடை குறுகி, நுனியிலிருந்து கருகி மடிந்தன. நுண்ணுயிரி ஏதோ பரப்பும் நோய் என்றே முதலில் ஐயுற்றனர். ஸ்டோரி, லீச் என்னும் இருவர் 1933இலே அது நோயன்று, கந்தகப் பசி என்று நிறுவினர். ஆண்டுதோறும் தீயிடப்படும் புல்வெளிகளிலிருந்து கந்தகம் வாயுவாகிப் பறந்துவிடுவது காரணங்களுள் ஒன்று. செடி மண்ணிலிருந்து கந்தகத்தைச் சல்பேற்றாக, முழுமையாக ஒட்சியேறிய வடிவிலே உறிஞ்சுகின்றது. பின்னர் தன் இலைக்குள்ளே அதனைச் சல்பைட்டு நிலைவரை தாழ்த்தி, முதலில் சிஸ்ரெயினையும் அதிலிருந்து மெதியோனினையும் ஆக்குகின்றது. சல்பேற்று இல்லையேல் இவ்விரண்டும் இல்லை. இவையின்றிப் புரதமும் இல்லை.

மனித உடலால் இத்தாழ்த்தலைச் செய்ய இயலாது. செடி ஆக்கிய மெதியோனினை நாம் உணவிலிருந்து பெற்றே தீரவேண்டும். பருப்பிலே அது குறைவு. கோதுமையிலும் அரிசியிலும் ஒப்பளவில் மிகுதி. ரொட்டியும் பருப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் உயர்ந்ததை இலங்கை வரலாறு பதிந்துள்ளது. அக்காலத்திலே லயத்து அடுப்பில் மாவும் பருப்பும் ஒருங்கே அருகின என்பதை இரசாயனக் கண்ணோடும் நோக்கலாம். இலையிலே மெதியோனின் ஆவதற்கு உழைத்தவரின் உடலுக்கு மெதியோனின் கிட்டவில்லை.

நியாசலாந்தின் மஞ்சள் நோய் இலங்கையிலே அத்துணை கடுமையாகத் தலைகாட்டாமைக்கு உரமூட்டையும் ஒரு காரணம். நெடுங்காலம் நமது தோட்டங்களிலே நைதரசனுக்காக இடப்பட்டது அமோனியம் சல்பேற்று. அதிலே நைதரசன் ஏறத்தாழ 21 வீதம். கந்தகமோ 24 வீதம். நைதரசனை எண்ணி இட்டவர் தம்மையறியாமலே அதனினும் மிகுதியான கந்தகத்தை மண்ணுக்குக் கொடுத்தனர். அதோடு, அமோனியம் மண்ணிலே நைத்திரேற்றாக மாறும்போது அமிலம் பிறக்கின்றது. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. யூரியாவிலே 46 வீதம் நைதரசன் உண்டு. சுமக்கும் மூட்டைகளின் எண்ணிக்கை குறையும், செலவும் குறையும். ஆனால் அதிற் கந்தகம் துளியுமில்லை. யூரியாவை மட்டுமே இட்டுக் கொழுந்தை மட்டும் அள்ளிச் செல்லும் மலையிலே கந்தகக் கணக்கு ஆண்டுக்காண்டு பற்றிலே விழும் என்பதற்குப் பேராராய்ச்சி வேண்டியதில்லை.

முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடுகின்றது என்று மார்க்ஸ் எழுதியபோது, ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக்கின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றிருந்தார். அறுவடையோடு மண்ணின் ஊட்டம் நகரத்துக்குப் போய்த் திரும்பி வராமையே லீபிக்கின் கவலை. கொத்மலையிலே பறித்த கொழுந்தின் கந்தகம் கொழும்பு ஏல விற்பனையைத் தாண்டிக் கெய்ரோவிலோ மொஸ்கோவிலோ ஒரு கோப்பையின் அடியிலே எஞ்சும். அந்த வண்டலைக் கொத்மலைக்கு எவரும் திருப்பியனுப்புவதில்லை. ஆகவே மூட்டை வந்தாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் இரசாயன உரங்களின் இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்தியபோது இந்தக் கணக்கு மறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆயினும் அடுத்து வந்த அந்நியச் செலாவணி நெருக்கடியிலே உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாகத் தாழ்ந்தது. ‘சேதன’ என்னும் சொல் அவ்வாண்டுகளிலே மேடைகளில் புனிதச் சொல்லாக முழங்கியது. காபன் சேர்வைகளைக் குறிக்கும் இரசாயனக் கலைச்சொல்லும், இயற்கை உரத்தைக் குறிக்கும் அரசியற் சொல்லும் ஒன்றாக ஒலிப்பதனால் நேர்ந்த மயக்கம் சிறிதன்று. யூரியாவும் இரசாயன நோக்கிலே ஒரு சேதனச் சேர்வையே. அளவு குறைந்த நாட்களிலே தன் கூடையில் வழமையான கிலோவை நிரப்ப இயலாமல் அரைநாட் பேரோடு திரும்பியவளுக்கு இச்சொல்விளையாட்டால் யாதொரு பயனுமில்லை.

இனி நஞ்சின் பக்கம். 1946இலே கொப்புள நோய் என்னும் பூஞ்சண நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இளந்தளிரையே பற்றுவதனால் அது கொழுந்தையே பற்றுவது. அதற்கெதிராகத் தெளிக்கப்பட்டவை செம்புச் சேர்வைகள். செம்பு பூஞ்சணத்தை எவ்வாறு கொல்லுகின்றது? நாம் மேலே கூறிய தயோலின் இயல்பே விடை. உயிர்க்கலத்தின் பல நொதியங்களிலே தயோல் கூட்டங்கள் உண்டு. செம்பு அயன் அவற்றைப் பற்றிக்கொள்ளவே நொதியம் செயலற்றுப் போகின்றது. பாதரசத்துக்குச் செய்சே கண்ட உறவு செம்புக்கும் பொருந்துகின்றது.

ஈர்தயோகாபமேற்றுகள் என்னும் வகுப்பு இதே இலக்கை வேறு வழியால் அடைகின்றது. ஒரு காபனோடு இரண்டு கந்தகமும் ஒரு நைதரசனும் இணைந்த கூட்டம் அது. உருளைக்கிழங்கு, தக்காளி முதலியவற்றின் கருகல் நோய்க்கு மலைநாட்டு மரக்கறிச் செய்கையிலே நெடுங்காலம் பயன்பட்டுவந்த மங்கோசெப் இவ்வகுப்பினது. மங்கனீசையும் நாகத்தையும் பற்றி நிற்பது. அது சிதையும்போது பிறக்கும் பொருள்கள் பூஞ்சணத்தின் தயோல் கூட்டங்களைத் தாக்குகின்றன.

மூன்றாவது வகுப்பு பூச்சிகொல்லிகளுடையது. மலத்தியன், பென்தியன், டைமெதோவேற்று முதலிய பொசுபரசுச் சேர்வைகளிலே பொசுபரசோடு இரட்டைப் பிணைப்பில் கந்தகம் நிற்கின்றது. அந்நிலையிலே அது பெரிதும் வலுவற்றது. உடலினுள்ளே, குறிப்பாக ஈரலிலே, அக்கந்தகம் கழன்று அவ்விடத்தை ஒட்சிசன் பிடிக்கின்றது. அப்போதுதான் நரம்புத் தொடர்பைச் சீர்செய்யும் நொதியத்தை முடக்கும் நஞ்சாகின்றது. அஃதாவது உடலே அந்நஞ்சை முடித்துக் கொடுக்கின்றது. மலத்தியன் மனிதருக்கு ஒப்பளவில் தீங்கு குறைந்ததாயிருப்பதற்கு, நமது ஈரல் அதன் வேறொரு கூட்டத்தை விரைந்து உடைத்துவிடுவதே காரணம். பூச்சிக்கு அந்த ஆற்றல் குறைவு.

இவ்வகை நஞ்சுகளைத் தன் மீதே ஏவிக்கொண்டோர் இலங்கையில் எண்ணற்றோர். 1995இலே நாட்டின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்னும் உச்சத்தை எட்டியது. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்த பூச்சிகொல்லிகளை அரசு அவ்வாண்டோடு முற்றாகத் தடுத்தது. கந்தகத்தைக் கொண்ட எண்டோசல்பான் 1998இலும், டைமெதோவேற்றும் பென்தியனும் 2008க்கும் 2011க்கும் இடையிலும் விலக்கப்பட்டன. 2005 அளவிலேயே தற்கொலை வீதம் பாதியாகிவிட்டது. மனத்தளர்வைத் தனிமனித ஒழுக்கக் குறையாகக் காணும் போதகர்கள் செய்ய இயலாததை, எந்த மூலக்கூறு கடையிலே கைக்கெட்டும் என்று முடிவு செய்த சட்டம் செய்தது.

தோட்டத்து மொழியிலே இவை யாவற்றுக்கும் ஒரே பெயர் ‘மருந்து’. செம்பும் மருந்து, தயோகாபமேற்றும் மருந்து, தோட்டத்து டிஸ்பென்சரியிலே கிடைக்கும் மாத்திரையும் மருந்து. மருந்தடிக்கப் போனவர் என்னும் தொடரிலே நோயைத் தீர்ப்பவரின் கௌரவம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. முதுகிலே சுமந்த டாங்கியின் கசிவைப் பற்றிய எச்சரிக்கை அதிலே இல்லை. பூச்சிகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பொதிகளின் மேலொட்டுக்கும் விதி செய்தது. ஆனால் மேலொட்டிலே தமிழ் எழுத்தில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டுவிட்டால் அது தமிழாகிவிடுவதில்லை. ‘இது தோலினூடாகப் புகும்’, ‘இது வியர்வையோடு கலந்தால் மேலும் புகும்’ என்று சொல்வதே தமிழ். கலைச்சொல்லாக்கத்திலே நாம் ஐம்பது ஆண்டுகளாக ‘தயோலா, கந்தகவற்ககோலா’ என்று வழக்காடினோம். அந்த வழக்கிலே டாங்கி சுமப்பவரை எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

மங்கோசெப்பைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அது சிதைந்தும், சூடேறியும் எதிலீன் தயோயூரியா என்னும் சேர்வையைத் தருகின்றது. யூரியாவின் ஒட்சிசனை நீக்கிக் கந்தகத்தை வைத்ததே தயோயூரியாக் கூட்டம். அது தைரொயிட்டுச் சுரப்பியின் வேலையைக் குலைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இன் இறுதியிலே மங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. தோட்டத்திலே வேலை குறைந்த நாட்களில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து மரக்கறிப் பாத்திகளுக்குக் கூலிக்குப் போகும் கொத்மலை இளைஞர்களை இச்செய்தி நேரே தொடுகின்றது. கூலியோடு அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் கிழங்கிலும் கீரையிலும் எச்சம் இருக்குமாயின் அவிப்பதனால் அது அழியாது. அவிக்கும்போதுதான் தயோயூரியாவாக மாறும். ஆகையால் கழுவுதல் சமைப்பதற்கு முன்னரே, ஓடும் நீரிலே நிகழவேண்டும். நாம் கண்ட லயங்கள் சிலவற்றிலே இருபது குடும்பத்துக்கு ஒரே பீலி. மாலையில் மருந்து டாங்கியும், மேலாடையும், கீரைக்கட்டும் அந்த ஒரே பீலியின் அடியில்தான் கழுவப்படுகின்றன.